பேராண்மையும் ஊராண்மையும்

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் திருக்குறளின் 'படைச்செருக்கு' அதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். பாங்கோடு இராணுவ முகாம் வழியாக வரும் ஒரு சிறுவன், "சார், இந்தக் காலத்திலும் இப்படிப்பட்ட வீரர்கள் உண்டா?" என்று கேட்டான். அன்று அவனுக்குச் சொன்ன வரலாற்றை இங்கே தருகிறேன்.

அருண் கேத்தர்பால் 1950 அக்டோபர் 14-ல் புனேயில் பிறந்தார். தந்தையும் இராணுவ அதிகாரி. 1967-ல் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்த அருண், 1971 ஜூன் 13-ல் 'பூனா ஹார்ஸ்' டாங்கிப் படைப்பிரிவில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். 1965 போரில் உயிர் துறந்து பரம வீர சக்கரம் பெற்ற லெப்டினன்ட் கர்னல் தாராபூர் தலைமை வகித்த பிரிவு அது. அகமத்நகரில் பயிற்சியில் இருந்த அருணைப் போர் அழைத்தபோது, அவர் பதவியேற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அப்பிரிவிடம் இருந்தவை பிரிட்டனில் உருவான 'செஞ்சூரியன்' டாங்கிகள். ஒவ்வொன்றும் சுமார் 50 டன் எடை. உள்ளே நால்வர் இருப்பர்: தலைவர், பீரங்கி சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர்.

ஷக்கர்கர் பகுதியில் நம் படை பசந்தர் ஆற்றைக் கடந்து அக்கரையில் கால் ஊன்றியது. அதைப் பின்தள்ள, டிசம்பர் 16 காலை பாகிஸ்தான் டாங்கிகள் ஜர்பால் அருகே திரண்டு தாக்கின. உதவி கேட்டு வயர்லெஸ்ஸில் குரல் வந்ததும் அருண் விரைந்தார். அன்று அங்கு அழிக்கப்பட்ட பத்து டாங்கிகளில் நான்கு அவர் வீழ்த்தியவை. அவருடைய டாங்கி அடிபட்டுத் தீப்பற்றியது. வெளியேறும்படி மேலதிகாரி உத்தரவிட்டார். தம் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று கூறி அருண் மறுத்துவிட்டார். மீண்டும் ஒரு குண்டு தாக்கியது. அவருக்கு வயது 21. மறுநாள் போர் நின்றது. பரம வீர சக்கரம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

"சார், மேலதிகாரி சொன்னதை மீறலாமா?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. அவர் விலகியிருந்தால் எதிரிக்கு வழி திறந்திருக்கும். அதைத் தடுப்பதே தம் கடமை என்று அவர் கருதினார். அதற்குத் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. 2001-ல் அருணின் தந்தை, 81 வயதில், தாம் பிறந்த சர்கோதாவைக் காணப் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரை வீட்டில் தங்கவைத்து அன்போடு உபசரித்தவர் ஓய்வுபெற்ற பிரிகேடியர் நாசர். விடைபெறும் முன்னிரவில் நாசர் ஓர் உண்மையைச் சொன்னார்: அன்று எதிரில் நின்று போரிட்டவர் தாமே, அருண் இறந்தது தம் கையால். அருணின் வீரத்தையும் அவர் மனமாரப் போற்றினார்.

அஞ்சாமல் எதிர்த்து நிற்பதைப் பேராண்மை என்கிறார் வள்ளுவர். அதே பகைவருக்குத் துன்பம் வந்தால் உதவும் ஊராண்மையே அந்த வீரத்தின் கூர்முனை என்றும் சொல்கிறார். முன்னதைப் பசந்தர் கரையில் கண்டோம். பின்னதன் சாயலை லாகூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் காண்கிறோம்.

பெற்றோர்களே, இவ்வதிகாரத்தின் மூன்றாம் குறளை இவ்வாரம் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். நாசர் அந்த உண்மையை மறைத்திருக்கலாமே, ஏன் சொன்னார் என்று அவர்களையே கேளுங்கள்.