நம் உயிரணுவில் உறங்கும் பழைய வைரஸ்

முன்னுரை

குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையில் மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து அவர்கள் காசநோயாளருக்காக அங்கே அமைத்த மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய் காற்றின் வழியே பரவும். புற்றுநோய் அவ்வாறு பரவுவதன்று. ஆயினும் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும் அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்கிவைப்போர் இன்றும் உளர். 'புற்றுநோயில் வைரஸின் பங்கு' என்ற செய்தியைக் கண்டால் அவர்களுடைய அச்சம் இன்னும் பெருகும். அந்த வைரஸ் எது, எங்கிருந்து வந்தது என்று அறிந்தால் அச்சம் அகலும் அன்றோ!

அழையாத விருந்தாளி

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நூலிழை உள்ளது. அதில் சுமார் 300 கோடி வேதியியல் எழுத்துகள் உள்ளன. மனித டி.என்.ஏ.யின் வரைவுப் படி 2001இல் வெளியானபோது ஒரு வியப்பான செய்தி உறுதியாயிற்று. அந்த எழுத்துகளில் ஏறத்தாழ 8 விழுக்காடு பழைய வைரஸ்களிடமிருந்து வந்தவை! உடலுக்கு வேண்டிய புரதங்களைச் செய்யும் பகுதியோ 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

இது எப்படி நேர்ந்தது? ரெட்ரோ வைரஸ் என்னும் வகைக் கிருமி தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றி, நம் டி.என்.ஏ.யின் நடுவே செருகிவிடும். இம்மாற்றத்தைச் செய்யும் நொதியை 1970இல் டெமின், பால்டிமோர் என்னும் இரு அறிஞர்கள் தனித்தனியே கண்டறிந்து, 1975இல் நோபல் பரிசு பெற்றனர். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை உயிரினங்களின் கருவணுக்களில் இவ்வாறு புகுந்த வைரஸ்கள், தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பிள்ளைக்கு வந்து, இன்று நம் எல்லோரிடமும் உள்ளன.

பூட்டும் திறப்பும்

காலப்போக்கில் இவற்றுள் பெரும்பாலானவை சிதைந்துவிட்டன. எஞ்சியவற்றின்மீது உயிரணு மீத்தைல் என்னும் வேதியியல் முத்திரையை இட்டு, பூட்டி வைத்திருக்கிறது. புற்றுநோய் உயிரணுவில் இப்பூட்டுகள் பல தளர்ந்துவிடுகின்றன. அப்போது வைரஸின் பழைய 'சுவிட்சுகள்' விழித்து, அருகிலுள்ள மரபணுக்களைத் தூண்டுகின்றன.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக அறிஞர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு வைரஸின் துண்டுகள் பெருங்குடல் புற்றுநோயில் செயல்படுவதை அவர்கள் கண்டனர். அத்துண்டுகளை அணைத்தபோது, புற்றுநோய்க்குத் துணைபோகும் சில மரபணுக்களும் அடங்கின.

பகைவனின் அடையாளம்

இப்பழைய துண்டுகளால் நன்மையும் உண்டு. தாயின் கருப்பையில் நஞ்சுக்கொடி உருவாக உதவும் சின்சிட்டின் என்னும் புரதம் பழைய வைரஸ் தந்த கொடையே. நுரையீரல் புற்றுநோய் பற்றி 2023இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றும் ஒரு நன்மையைச் சொல்கிறது. விழித்த வைரஸின் புரதத்தை அடையாளமாகக் கொண்டு, உடலின் காவல் அணுக்கள் புற்றுநோய் உயிரணுவை எதிர்க்கின்றனவாம். மாறுவேடத்தில் வந்த திருடனை அவனுடைய பழைய தழும்பு காட்டிக்கொடுப்பது போன்றது இது!

தொற்றுமா?

தொற்றாது. இந்த வைரஸ் எச்சம் நோயாளியிடம் மட்டுமா இருக்கிறது? அவருக்குச் சோறு பரிமாறுபவரிடமும், தட்டை ஒதுக்கி வைப்பவரிடமும் இருக்கிறது. அது இருப்பதனாலேயே நோய் வருவதில்லை. பூட்டுத் தளர்வதே கவனிக்க வேண்டியது.

வெளியிலிருந்து தொற்றும் வைரஸ்கள் சிலவும் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன என்பது உண்மை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் காரணம் எனக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அங்கும் பரவுவது வைரஸ்தான், புற்றுநோய் அன்று. 9 முதல் 14 வயது வரையுள்ள சிறுமியர்க்கு இதற்கான தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பெற்றோர் இதைக் கருத்தில் கொள்வாராக.

அடையாறு காட்டும் வழி

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால், நமக்கு அருகிலுள்ள அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. 1955 முதல் அங்கே பணியாற்றிய டாக்டர் வி. சாந்தா அவர்கள், 2021இல் மறையும் வரை நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். புற்றுநோய் என்றால் மரணம் என்னும் எண்ணத்தை மாற்ற அவர் ஓயாது பாடுபட்டார். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்தலாம். ஆனால், ஊரார் ஒதுக்குவரோ என்று அஞ்சிக் கட்டியை மறைப்பவர் காலம் கடந்தே மருத்துவரிடம் வருகிறார். ஆகவே நாம் ஒதுக்கும் ஒரு தட்டு ஓர் உயிருக்கே உலையாகலாம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! புற்றுநோய் சாபமும் அன்று, பாவத்தின் கூலியும் அன்று. நம் எல்லோருக்கும் பொதுவான உயிரணுவில் நேரும் ஒரு கோளாறு. நம் தெருவில் யாருக்கேனும் அந்நோய் வந்தால் அருகில் அமர்வோம். ஒரே பந்தியில் உண்போம். உடலில் கட்டியோ ஆறாத புண்ணோ கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். வகுப்பில் நாம் கற்கும் அறிவியல் வீட்டுக்கும் பயன்படட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி