கணினிக்குக் காவல் ஒன்றே போதும்

சித்தூர்த் தென்னந்தோப்பில், ஒருவரையொருவர் அறியாத இரு காவலாளிகளை நிறுத்தினால், இருளில் ஒருவரை மற்றவர் திருடரெனப் பிடிப்பர். வீட்டுக் கணினியில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இயங்கினாலும் இதுவே நிகழும். புதிய மென்பொருளை நிறுவும் பணியும் பாதியில் நின்றுவிடலாம்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை முறைப்படி நீக்கி, கணினியை மீண்டும் இயக்கவும். பின்னரும் தடை எழுந்தால், கோப்பு உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்து பெறப்பட்டதா எனச் சரிபார்க்கவும். வைரஸ் ஐயமிருப்பின், மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா நீக்கக் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டு ஒரு செயலியை நிறுவுமாறு தொலைபேசியில் கூறுபவர் வங்கி அலுவலர் அல்லர். பணம் பறிபோனால், உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக் கிளைக்கும் தெரிவிக்கவும்.