தாங்கி வெறும் ஸ்டாண்டு இல்லை: ஒரு திருத்தம்



போன எபிசோடில், "வினையூக்கியில் உலோகம்தான் வேலை செய்யும், அதைத் தாங்கும் பொருள் வெறும் ஸ்டாண்டு"ன்னு சொல்லிட்டேன். அது தப்பு. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். வேதியியல் பிளஸ் டூவோட முடிஞ்சது. அதனால இந்த வாரம் உட்கார்ந்து படிச்சேன்.

முதல்ல, இது ஏன் முக்கியம்? பென்சைல் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்தால் பாதாம் வாசனையுள்ள பென்சால்டிஹைடு கிடைக்கும். பழைய முறை ஒன்றில் இதற்குக் குரோமியம் சேர்மங்கள் வேண்டும். மிஞ்சுவது நச்சுக் கழிவு. நல்ல வினையூக்கி இருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனே போதும், மிஞ்சுவது தண்ணீர்.

2005-இல் ஸ்பெயினின் வலென்சியாவில் அவெலினோ கோர்மாவின் குழு, சீரியம் ஆக்சைடு நுண்படிகங்கள் மேல் தங்க நானோ துகள்களை வைத்து இதைச் செய்து காட்டியது. தங்கமும் தாங்கியும் கூட்டாக வேலை செய்கின்றன என்பதுதான் அவர்கள் முடிவு.

சரி, வடிவம் எங்கே வருது? சீரியம் நைட்ரேட்டையும் அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் மூடிய கலனில் 100 டிகிரி செல்சியஸில் வைத்தால் சீரியம் ஆக்சைடு குச்சிகளாக வளரும். 180 டிகிரியில் கனசதுரங்களாக. பொருள் ஒன்றுதான், ஆனால் வெளியே தெரியும் படிக முகம் வேறு. எண்முக வடிவில் இருப்பது (111) முகம், கனசதுரத்தில் (100), குச்சியில் (110), (100) இரண்டும் என்பது வழக்கமான கணக்கு. முகத்துக்கு முகம் அணுக்களின் அடுக்கு மாறுது. கணக்கீடுகளின்படி ஆக்சிஜன் அணுவைப் பிடுங்குவது (110)-இல் சுலபம், (111)-இல் கஷ்டம். பிடுங்கிய இடத்தில் ஒரு காலியிடம். காற்றின் ஆக்சிஜன் வந்து உட்கார அதுதான் சீட்டு.

அதுக்காக "குச்சிதான் எப்பவும் ஜெயிக்கும்"னு முடிவு கட்டிடாதீங்க. குச்சிகளில் பரப்பளவும் குறைபாடுகளும் பெரும்பாலும் அதிகம். பிறகு வந்த நுண்ணோக்கிப் படங்களில் குச்சிகளிலும் (111) முகங்கள் தெரிந்தன. அதனால இப்படி ஒரு ஒப்பீட்டைப் பார்த்தால் மூணு கேள்வி கேளுங்க:

1. உலோகத்தின் அளவு சமமா?
2. உலோகத் துகள்களின் சைஸ் சமமா?
3. வேகம் ஒரு கிராமுக்கா, மேற்பரப்பிலுள்ள ஒரு உலோக அணுவுக்கா?

ரெண்டு சர்வரில் ஒரே புரோகிராமை ஓட்டி, நடுவுல ரேமையும் மாத்திட்டு, "பிராசசர் சூப்பர்"னு ஒருத்தர் ரிப்போர்ட் கொடுத்தா நாம ஒத்துப்போமா? இதுவும் அதே கதைதான்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.