அந்தப் பையனுக்கு என்ன வேண்டும்?

அன்புள்ள மகளுக்கு,

கதைகள் கிடைத்தன. வானூர் வட்டாரத்தில் பகலெல்லாம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, இரவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். பெருமையாக இருக்கிறது. அதனால்தான் மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

உன் கதைகளில் வரும் பிள்ளைகள் அழுகிறார்கள், இல்லையென்றால் நம்மை அழவைக்கிறார்கள். இது நம் வேலை தந்த பழக்கம். மதிப்பீட்டுப் படிவம், அடையாள அட்டைக்கான மருத்துவச் சான்று எல்லாமே பிள்ளையால் எது முடியவில்லை என்பதில்தான் தொடங்கும். உதவித்தொகை வாங்க அது வேண்டும். கதைக்கு உதவாது. திருவக்கரைப் பக்கம் கல்குவாரி லாரிச் சத்தம் கேட்டதும் வாசலுக்குத் தவழ்ந்து வரும் பையனை எழுதியிருக்கிறாயே, அவனுக்கு மூளை முடக்குவாதம் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டாய். அந்த லாரியில் அவனுக்கு என்ன வேண்டும்? ஹாரனா, டிரைவர் கையசைப்பதா? தங்கச்சிமேல் அவனுக்குப் பொறாமை இருக்காதா? பிடிவாதம், திருட்டுத்தனம் எதுவுமே கிடையாதா? அதையெல்லாம் எழுது.

கடலூரில் ஆசிரியராக இருந்த இரா. நடராசனின் 'ஆயிஷா'வை மறுபடி எடுத்துப் படி. கேள்வி கேட்ட மாணவியின் கதையைச் சொல்லும் ஆசிரியை, தன்னைத் தப்பவிடுவதில்லை. ஜப்பானிய எழுத்தாளர் கென்சாபுரோ ஓயேவுக்கு 1963-ல் மூளைக் குறைபாட்டோடு மகன் பிறந்தான். மறு ஆண்டே அதையொட்டி ஒரு நாவல் எழுதினார். அதில் வரும் தகப்பன், பிள்ளை செத்துப்போகட்டும் என்று நினைக்கிறான். உன் கதைகளில் வரும் டீச்சரோ எப்போதும் நல்லவள். ஒருநாளும் சலித்துக்கொள்ளாத டீச்சரை நான் பார்த்ததில்லை, அம்மா.

இன்னொன்று. நீ வீட்டுக்குப் போய்ப் பயிற்சி தரும் பிள்ளையைப் பெயர் மாற்றி எழுதினாலும் ஊர் கண்டுபிடித்துவிடும். அந்தத் தாய் உன்னை உள்ளே விட்டது பயிற்சிக்காக. கேட்காமல் எழுதாதே. அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடு. வேறு வீடு, வேறு உடம்பு, வேறு பிள்ளை என்று புதிதாக உருவாக்கு. அதற்குத்தானே புனைவு.

வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். விடாதே. தொகுப்பூதியம் பற்றாதுதான், ஆனால் எழுத்து அதைக்கூடத் தராது. ஞாயிற்றுக்கிழமை காலையை மட்டும் யாருக்கும் கொடுக்காதே, கல்யாண வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லாரிக் கதையைத் திருத்தி வை. அடுத்த மாதம் திண்டிவனம் வருகிறேன், வாய்விட்டு வாசித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
பெரியம்மா