பழைய அரத்தில் ஒரு கத்தி

கவ்வாத்துக் கத்தி ராவி ராவிப் பல்லுத் தேய்ந்துபோன அரம் ஒன்று இல்லாத லயத்துக் காம்பரா குறைவு. அடுப்படி மூலையிலோ கூரைச் சந்திலோ துருப்பிடித்துக் கிடக்கும். அதை ஒரு நல்ல சமையல் கத்தியாக மாற்றலாமா என்று நம் இளைஞர்கள் பலர் எம்மிடம் கேட்டிருக்கிறார்கள். மாற்றலாம். ஆனால் அதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று எம்மை உட்கார வைத்தது வேறொரு சம்பவம்.

நாம் வேலை பார்த்த பிரிவொன்றில் ஒரு தம்பி இப்படித்தான் கத்தி செய்தார். அழகான கத்தி. நெருப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்தார். அரத்தால் ராவிப் பார்த்தால் வழுக்கியது. "வேலை முடிஞ்சது" என்று பிடியும் போட்டுவிட்டார். மறுநாள் விறகுக் கட்டையில் வைத்து முதுகில் ஒரு தட்டு. கத்தி இரண்டாகப் போனது. தெறித்த துண்டு அவருடைய புருவத்தைக் கிழித்தது. கண்ணுக்கு ஒரு விரல் அகலம் மேலே. எல்லாம் சரியாகச் செய்த அந்தப் பிள்ளை ஒரே ஒரு வேலையை விட்டுவிட்டார். அந்த வேலைக்குப் பெயர் பதம் இறக்குதல். தோய்ச்சல் வைப்பது பாதி வேலை. பதம் இறக்குவதுதான் மறுபாதி.

காரணத்தை முதலில் விளங்கிக்கொள்வோம். அரம் செய்யும் உருக்கில் நூறு பங்குக்கு ஏறக்குறைய ஒரு பங்கு கரிச்சத்து இருக்கிறது. நன்றாகச் சிவந்த உருக்கில் அந்தக் கரிச்சத்து கரைந்து பரவி நிற்கும். திடீரென்று குளிரவைத்தால் அது பிரிந்து போக வழியில்லாமல் உள்ளேயே சிறைப்படும். அதனால்தான் கடினம் வருகிறது. ஆனால் அந்தக் கடினம் கண்ணாடியின் கடினம், அடித்தால் நொறுங்கும். மறுபடி 200 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே மெதுவாகச் சூடாக்கினால் கொஞ்சம் கடினம் போய், அதற்குப் பதிலாக உறுதி வருகிறது. கட்டிடக் கம்பியிலும் பீப்பாய்ப் பட்டையிலும் இது நடக்காது. கரிச்சத்து போதாது. லொறியின் வில் தகடு நல்லது, ஆனால் தடிப்பு அதிகம். முதல் கத்திக்கு அரமே போதும்.

அரத்தை அப்படியே வாளால் அறுக்க முடியாது, பல் போய்விடும். முதலில் மிலாறுக் குச்சியும் சிரட்டைக் கரியும் போட்டு நெருப்பு மூட்டி, அரம் முழுவதும் சிவந்ததும் காய்ந்த அடுப்புச் சாம்பலுக்குள் ஆழமாகப் புதைத்து விடுங்கள். காலையில் எடுத்தால் மெதுவாக இருக்கும். அப்போது நுனியில் ஓர் அங்குலம் அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கென்று பிறகு சொல்கிறோம்.

நெருப்பை லயத்துக்குப் பக்கத்தில் மூட்டக் கூடாது. தரையில் குழி வெட்டிச் செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டுங்கள். ஆற்றங்கல் வேண்டாம், உள்ளே ஈரமிருந்தால் வெடிக்கும். காற்று ஊத நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை நெருப்புக்குள் விடுவதும் வேண்டாம். அந்தப் புகையைக் குடித்தால் காய்ச்சலும் குளிரும் வரும். துருத்தி இல்லாதவர்கள் தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கறுப்பு இரும்புக் குழாயில் பொருத்திக்கொள்ளலாம். நம் முன்னோர் பட்ட பாட்டோடு பார்த்தால் இது பெரிய வசதி. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ மலைச்சரிவுகளில் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கில் ஜூலெப் என்ற ஆய்வாளர் அந்த உலைகளைத் தோண்டிப் பார்த்து, அதேபோல உலை கட்டி இரும்பும் எடுத்துக் காட்டி, 1996இல் உலகத்துக்கு அறிவித்தார்.

கத்தியின் உருவத்தை அட்டையில் வெட்டி அரத்தின் மேல் ஒட்டி, வாளால் அறுத்து, வேறொரு அரத்தால் ராவி எடுங்கள். பழைய பல் வரிகள் அலகில் மிஞ்சக் கூடாது. வெடிப்பு அங்கேயிருந்துதான் தொடங்கும். பிடிக்கான துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். வாய்ப்பக்கத்தை இப்போது கூராக்க வேண்டாம். ஒரு மில்லிமீற்றர் தடிப்பு விட்டு வையுங்கள். மெல்லிய வாய் தோய்ச்சலில் கோணும், அல்லது பிளக்கும். இந்த ராவும் வேலைக்கு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போகும். அவசரப்பட்டு லாபமில்லை.

தோய்ச்சலுக்கு மாலை மங்கும் நேரம் நல்லது. வெயிலில் இரும்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் நாம் அதிகம் காய்ச்சிவிடுவோம். கண்ணாடி போடுங்கள். பருத்திச் சட்டை அணியுங்கள். நைலோன் உடம்போடு உருகி ஒட்டும். பிள்ளைகள் தூரத்தில் நிற்கட்டும். எண்ணெய் இரண்டு லீற்றராவது வேண்டும். கனமான, உயரமான இரும்பு டப்பாவில் ஊற்றி, அது சரியாமல் மணல் வாளிக்குள் நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் ஆகும், ஆனால் நமது குளிரில் அது உறைந்து கிடக்குமே! உருக்கி, கை பொறுக்காத இளஞ்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பழைய என்ஜின் எண்ணெய் வேண்டாம், அந்தப் புகை கெட்டது. டப்பாவுக்கு ஒரு தகர மூடி பக்கத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ எழும்பி ஆளைப் பிடிக்கும்.

எவ்வளவு காய்ச்சுவது? அதற்குப் பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் போதும். உருக்கு 770 பாகை அளவில் காந்தத்தை விட்டுவிடும். காந்தம் ஒட்டாமல் போன பிறகு சற்றே கூடச் சிவக்கவிட்டால் சரி. முதலில் அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து காற்றில் கறுக்கவிடுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் உருக்கின் உள்மணிகள் சிறுத்துச் சீராகும். நான்காம் முறை காய்ச்சி, தாமதிக்காமல் நுனி கீழாக நேரே எண்ணெயில் இறக்குங்கள். முன்னும் பின்னும் ஆட்டலாம். பக்கவாட்டில் ஆட்டினால் கோணும்.

அறுத்து வைத்த அந்த ஓர் அங்குலத் துண்டு இதற்குத்தான். கத்தியைத் தொடுமுன் அதற்குத் தோய்ச்சல் வைத்து, தடித்த துணியில் சுற்றி உடைத்துப் பாருங்கள். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் பட்டுப்போல இருந்தால் சூடு சரி. சீனிபோல மணிமணியாக மின்னினால் அதிகம் காய்ச்சியிருக்கிறீர்கள். உடையாமல் வளைந்தால் சூடு போதாது, அல்லது அந்த அரம் மேல்தோல் மட்டும் கடினமான மலிவு அரம்.

இப்போது பதம். ஒரு மணித்தியாலத்துக்குள் தொடங்குங்கள். நாளைக்கு என்று வைத்தால் சும்மா கிடக்கும்போதே வெடிப்பதும் உண்டு. கீழே விழவிட வேண்டாம். அலகை உரைத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். இரும்புச் சட்டியில் காய்ந்த மணலைப் போட்டு, முதுகு மணலில், வாய் மேலே இருக்கும்படி வைத்து இளந்தீயில் சூடாக்குங்கள். நிறம் ஏறுவதைப் பார்க்கலாம். தேயிலைக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஏறக்குறைய 205 பாகையில் வெளிறிய பிளேன்டீ நிறம். 230இல் நல்ல சாயம் ஏறிய மஞ்சள். 250க்கு மேல் மண்ணிறம், பிறகு ஊதா, 300 அளவில் நீலம். சமையல் கத்தியின் வாய்க்கு அந்தச் சாயம் ஏறிய மஞ்சள் வந்ததும் எடுத்துத் தண்ணீரில் ஆற்றுங்கள். மறுபடி தேய்த்து இன்னொரு முறை அதே நிறம். விறகு, கிளை வெட்டும் கத்தியென்றால் மண்ணிறம் கடந்து ஊதாத் தொடக்கம் வரை போகலாம். நீலம் வந்துவிட்டால் வாய் மெதுவாகிவிடும். தோய்ச்சலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

பிடிக்குக் காய்ந்த கொய்யாக் கட்டை போதும். சிலர் வாலைச் சிவக்கக் காய்ச்சிப் பிடிக்குள் எரித்து இறக்குவார்கள். அப்படிச் செய்தால் அலகை ஈரச் சாக்கில் சுற்றுங்கள், இல்லாவிட்டால் பாடுபட்டு எடுத்த பதம் போய்விடும். தீட்டுவது தண்ணீர்க் கல்லில்தான். மெஷின் சக்கரத்தில் வாய் நீலமானால் அந்த இடம் பிறகு கூர் பிடிக்காது.

கை சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை எதுவும் பூச வேண்டாம். துருப்பிடித்த இரும்பு வெட்டினால் டிஸ்பென்சரிக்குப் போய் ஏற்புவலி ஊசி பற்றிக் கேளுங்கள்.

புருவத்தில் தையல் போட்ட அந்தத் தம்பி இரண்டாவது கத்தியும் செய்தார். இந்த முறை பதம் இறக்கி. அவருடைய அம்மா அதில்தான் கோவா அரிகிறார். உடைந்த பழைய துண்டையும் தம்பி எறியவில்லை. முறிந்த முகம் சீனிபோல மின்னுகிறது. சூடும் அதிகமாகத்தான் போயிருக்கிறது என்று வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.