ஐப்பசி மழைக்கு எந்தப் பரிமளம்?

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், சாந்தோம் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் கொடியில் கிடக்கும் வேஷ்டியும் புடவையும் இரண்டு நாளாகியும் உலராமல் முடைநாற்றம் வீசுவது சகஜமாதலால், ஸ்திரீ புருஷ பேதமின்றி எவரும் பூசத் தகுந்த வெட்டிவேர் அத்தரையும் ஜவ்வாதையும் ஒப்பிட்டு நோக்குவது பிரயோஜனமாகும்.

உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் செப்புக் கலங்களில் வேரை நீரோடு காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து வடிக்கும் வெட்டிவேர் அத்தர், ஈரமண்ணை நினைவூட்டும் சீதள வாசனை உடையது. சித்திரை வெயிலுக்கு அதுவே உத்தமம் என்றாலும், மழைநாளின் ஈரத்தோடு சேரும்போது சற்றே மந்தமாகிவிடுகிறது. சந்தனத்தோடு வாசனைத் திரவியங்கள் பல சேர்ந்த ஜவ்வாதோ கதகதப்பான மணம். அடைமழைக்கு என் பக்ஷபாதம் அதன் பக்கமே.

மயிலாப்பூர் நாட்டுமருந்துக் கடைகளில் சிறு குப்பியில் கிடைக்கும் ஜவ்வாதுப் பொடியை மிளகளவு எடுத்து, நன்கு துவட்டிய கழுத்தோரத்தில் பூசினால் போதும். ஈரத்தோலில் திட்டுத் திட்டாய்த் தெரியும். அத்தர் எண்ணெய்ப் பசையுள்ளதாதலால் பட்டில் படவிடலாகாது. மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்து, தேய்க்காமல், அரைமணி கழித்து முகர்ந்து பார்த்த பின்னரே வாங்குக. ஞாயிறு பூசைக்கோ கபாலீசுவரர் சந்நிதிக்கோ கூட்டத்தில் நெருங்கி நிற்கப் போகிறவர்கள் எதையும் பாதியளவே பூசுவது பக்கத்தில் நிற்பவருக்கு உபகாரம்.