வகுப்பறையில் பல மொழிகள்: ஆசிரியர் அறிய வேண்டுவன

ஜார்க்கண்ட் மாநிலத்தின் தும்கா மாவட்டத்தில் பள்ளியில் சேரும் சந்தால் குழந்தை, ஆறு வயதிற்குள் ஒரு மொழியை அதன் இலக்கணத்துடன் கற்றுத் தேர்ந்திருக்கிறது. ஆனால் முதல் வகுப்பில் அதன் செவியில் விழுவது இந்தி. வினா புரியாத குழந்தை மௌனமாக இருக்கிறது. அந்த மௌனம் மந்த புத்தி எனப் பதிவாகிவிட்டால், பின்னர் அக்குழந்தை பள்ளியை விட்டு விலகுவதில் வியப்பில்லை. கட்டடத்திற்கும் நூல்களுக்கும் ஊதியத்திற்கும் அரசு செலவிடும் பணம், இவ்விடத்தில் பயனின்றிக் கரைகிறது.

மொழிகளின் பரப்பு

இந்நிலை ஒரு மாவட்டத்திற்கு மட்டும் உரியதன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழி எனக் கூறிய பெயர்கள் 19,569. இவற்றை ஆராய்ந்து வகைப்படுத்தியபோது 1,369 தாய்மொழிகள் இனங்காணப்பட்டன. பத்தாயிரம் பேரும் அதற்கு மேற்பட்டோரும் பேசும் மொழிகள் 121. இவற்றுள் 22 மட்டுமே அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ளவை.

ஒரே பெயரின் கீழும் பல மொழி வடிவங்கள் அடங்கியுள்ளன. இந்தி பேசுவோராகக் கணக்கிடப்பட்ட 52.83 கோடிப் பேரில், போஜ்புரியைத் தாய்மொழியாகக் கூறியோர் 5 கோடிக்கு மேல். சத்தீஸ்கடியைக் கூறியோர் 1.6 கோடிக்கு மேல். எனவே ‘இந்தி வகுப்பு’ என்று பெயரளவில் ஒருமொழி வகுப்பாகத் தோன்றுவதும் உண்மையில் பலமொழி வகுப்பாகவே இருக்கக்கூடும்.

பிழையா, விதியா?

தரப்படுத்திய இந்தியில் ‘நான்’ என்பதற்கு ‘மைம்’ என்றும், ‘நாங்கள்’ என்பதற்கு ‘ஹம்’ என்றும் வழங்குவர். போஜ்புரியிலோ ‘ஹம்’ என்பதே ‘நான்’ எனப் பொருள்படும். போஜ்புரிக் குழந்தை அவ்வாறு எழுதுவது கவனக்குறைவால் அன்று. தன் வீட்டு மொழியின் விதியைப் பின்பற்றியே எழுதுகிறது.

சந்தாலிக் குழந்தையின் இடர்ப்பாடு வேறு வகையினது. இந்தியில் சோறு ஆண்பால், ரொட்டி பெண்பால். வினைச்சொல்லும் அதற்கேற்ப மாறும். முண்டா மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சந்தாலியிலோ, உயிருள்ளவை, உயிரற்றவை என்ற பாகுபாடே முதன்மையானது. மறுபுறம், சந்தாலியில் ஒருமை, பன்மையோடு இருமையும் உண்டு. கேட்பவரை உளப்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு தமிழில் இருப்பது போலவே சந்தாலியிலும் உண்டு. இந்தியில் இவ்விரண்டிற்கும் ஒரே சொல்தான். ஆகவே குழந்தையின் மொழி குறையுடையது அன்று. வேறு வகையில் அமைந்தது.

இதை அறியாத ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு அமைவார். அறிந்தவர் இரு விதிகளையும் அருகருகே வைத்து விளக்குவார். முன்னவரிடம் குழந்தை அச்சத்தைக் கற்கிறது; பின்னவரிடம் இரண்டாம் மொழியைக் கற்கிறது.

எழுத்தறிவின் பல முகங்கள்

எழுத்தறிவும் ஒரு வகையினதன்று. சந்தாலி மொழி தேவநாகரி, வங்காளம், ஒடியா, ரோமன் ஆகிய எழுத்துகளிலும், 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஓல் சிக்கியிலும் எழுதப்பட்டு வந்துள்ளது. வாரச் சந்தையில் எடையையும் விலையையும் மனக்கணக்காகப் போடுவதும், வங்கிக் கணக்கேட்டைப் படித்தறிவதும், கைப்பேசித் திரையிலுள்ள படங்களையும் குறிகளையும் புரிந்துகொள்வதும் இன்றைய வாழ்விற்கு வேண்டிய திறன்களே. இத்தகைய பல்வகை எழுத்தறிவு பற்றிய கருத்தை 1996இல் ‘நியூ லண்டன் குழு’ என்னும் அறிஞர் குழுவினர் விரிவாக முன்வைத்தனர். குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் இத்திறன்களை அடித்தளமாகக் கொண்டால் பாடநூலின் பணி எளிதாகும்.

சட்டமும் நடைமுறையும்

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வழங்க முயலுமாறு, 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350 ஏ பிரிவு பணிக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை பயிற்றுமொழி தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிப்பதை வலியுறுத்துகிறது. ஒடிசா மாநிலம் 2007ஆம் ஆண்டளவில் பத்துப் பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வியைத் தொடங்கியது.

எனினும் இடையூறுகள் உண்டு. ஒரே வகுப்பில் மூன்று மொழிக் குழந்தைகள் அமர்ந்திருக்கலாம். குழந்தையின் மொழி அறிந்த ஆசிரியர் வேற்றூருக்கு மாற்றப்படலாம். வேலைவாய்ப்பைக் கருதி, பெற்றோரே இந்தியையோ ஆங்கிலத்தையோ விரும்பலாம். அவர்தம் விருப்பம் நியாயமானதே; தரமொழி அறியாதவனுக்கு அலுவலகமும் நீதிமன்றமும் எட்டாதவை. ஆயின் வீட்டு மொழியில் தொடங்குவது தரமொழியை மறுப்பதாகாது. அதனை அடைவதற்குரிய படியாகும்.

ஆசிரியர் செய்யக்கூடியவை

ஒவ்வொரு மொழியையும் ஆசிரியர் கற்றாக வேண்டும் என்பதில்லை. கல்வியாண்டின் தொடக்கத்தில் எந்தக் குழந்தை எந்த மொழி பேசுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். அன்றாடச் சொற்கள் ஐம்பதையேனும் ஊராரிடம் கேட்டறியலாம். குழந்தை தன் மொழியில் விடை கூற இடமளித்து, பின்னர் அதனைப் பள்ளி மொழியில் சொல்லப் பழக்கலாம். ஒரே வகைப் பிழை பலரிடம் காணப்பட்டால் அதன் பின்னுள்ள விதியைத் தேடலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆசிரியர் பயிற்சியில் மொழி வேறுபாடு பற்றிய பாடமும், களப்பயிற்சியும் இடம்பெற்றால் போதும்.

குழந்தை முதல் நாளில் பேசும் முதல் சொல் எம்மொழியினதாயினும், அதை ஆசிரியர் செவிமடுத்தால் அடுத்த சொல் தானே வரும். கல்விக்கென நாடு இடும் முதலீடு பலன் தரத் தொடங்குவது அங்கேதான்.